‘செய்த’ என்பதற்கும் ‘செய்யக்கூடிய’ என்பதற்கும் இடையே: ஏற்றுமதிக் கட்டுப்பாடும் நம் பல்கலைக்கழகங்களும்

சற்று நீண்ட பதிவு. வாசிக்க நேரமில்லாதவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: ஏற்றுமதிக் கட்டுப்பாடு என்பது சுங்கத் துறையின் கவலை மட்டுமன்று, ஆய்வேடு எழுதுகிற, மென்பொருள் எழுதுகிற, மின்னஞ்சல் அனுப்புகிற நம் ஒவ்வொருவரின் கவலையும் ஆகும். விளக்கம் வேண்டுவோர் தொடர்க.

நம் உயர்கல்வி நிறுவனங்களில் தொழில்முனைவு என்னும் சொல் இன்று மந்திரம்போல் ஒலிக்கிறது. ஆய்வகத்தில் பிறக்கும் கருவியை நிறுவனமாக்கு, வெளிநாட்டு வாடிக்கையாளரைத் தேடு, உலகச் சந்தைக்குச் செல் என்று மாணவர்கள் ஊக்குவிக்கப்படுகிறார்கள். ஊக்கம் நன்று. ஆனால், இதற்கென நடைபெறும் பயிலரங்குகளில் நான் கலந்துகொண்டவற்றில் முதலீடு திரட்டுவதும் காப்புரிமை பெறுவதும் மணிக்கணக்கில் கற்பிக்கப்பட்டன. அனுப்பும் பொருள் எவர் கையில் சேரும், எதற்குப் பயன்படும், அதற்கு எவரிடம் உரிமம் பெற வேண்டும் என்ற கேள்விகளுக்கு அரை மணி நேரமும் ஒதுக்கப்படவில்லை. மொழியியல் பயின்ற எனக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். இந்தச் சட்டத்துறை முழுவதும் வரையறைகளால் ஆனது. வரையறைகள் சொற்களால் ஆனவை. சொற்கள் எங்கே தெளிந்து நிற்கின்றன, எங்கே மயங்குகின்றன என்று பார்ப்பது எங்கள் தொழில்.

ஒரு பம்பின் கதை

முதலில் அடிப்படை. ஒரு பொருளை எல்லை கடந்து அனுப்புமுன் நான்கு கேள்விகள் கேட்கப்பட வேண்டும்: என்ன பொருள், எந்த நாட்டுக்கு, யாருக்கு, எதற்கு? அமைதிக்காலத் தொழிலுக்கும் ஆயுதத்துக்கும் ஒருங்கே உதவக்கூடிய பொருள்களை ‘இரட்டைப் பயன்பாட்டுப் பொருள்கள்’ என்பர். இந்தியாவில் இவற்றுக்கான பட்டியல் ‘ஸ்கோமெட்’ எனப்படுகிறது. சிறப்பு வேதிப்பொருள்கள், உயிரிகள், பொருள்கள், கருவிகள், தொழில்நுட்பங்கள் என்னும் ஐந்தின் ஆங்கில முதலெழுத்துகளால் ஆன பெயர் அது. அணுசக்தி சார்ந்தவற்றுக்கு அணுசக்தித் துறையும், போர்த்தளவாடங்களுக்குப் பாதுகாப்பு உற்பத்தித் துறையும், பெரும்பாலான பிறவற்றுக்கு வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகமும் உரிமம் வழங்குகின்றன. 1992ஆம் ஆண்டின் அயல்நாட்டு வணிகச் சட்டமும், அதற்கு 2010இல் செய்யப்பட்ட திருத்தமும், 2005ஆம் ஆண்டின் பேரழிவு ஆயுதங்கள் தொடர்பான சட்டமும் இதற்கு அடித்தளம்.

பட்டியல் என்றதும் ஏவுகணையும் நச்சுவாயுவும்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அதில் இருப்பவற்றுள் பல மிகச் சாதாரணப் பெயர் கொண்டவை. கோயம்புத்தூரை எடுத்துக்கொள்வோம். பம்பும் வால்வும் செய்யும் பட்டறைகளும் ஆலைகளும் நிறைந்த ஊர். கிணற்றுக்கும் வயலுக்கும் செல்லும் பம்புக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. ஆனால், வேதி ஆயுதப் பரவலைத் தடுப்பதற்காக நாடுகள் கூடி அமைத்த ஆஸ்திரேலியக் குழுவின் பட்டியலில் ஒருவகைப் பம்பு உண்டு. பல அடைப்புகள் கொண்டதாகவோ அடைப்பே அற்றதாகவோ இருந்து, மணிக்கு 0.6 கன மீட்டருக்கு மேல் பாய்ச்சும் திறன் பெற்று, அதற்குள் ஓடும் வேதிப்பொருள் தொடும் பரப்பெல்லாம் 25 விழுக்காட்டுக்கு மேல் நிக்கலும் 20 விழுக்காட்டுக்கு மேல் குரோமியமும் உள்ள உலோகக் கலவையால் ஆனதென்றால், அது கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். அந்தக் கலவை மட்டுமன்று. அரிப்பைத் தாங்கும் வேறு சில பொருள்களும் அவ்வாறே. மருந்து ஆலைக்கும் உர ஆலைக்கும் தேவைப்படும் அதே பம்பு நச்சு வேதிப்பொருள் தயாரிப்பிலும் உதவும் என்பதே காரணம்.

ஆக, ‘பம்பு’ என்னும் பெயர்ச்சொல் நமக்கு எதையும் சொல்வதில்லை. அதற்கு முன் வரும் அடைகளே எல்லாவற்றையும் சொல்கின்றன. விலைப்பட்டியலிலும் கப்பல் ஆவணத்திலும் பெயர்ச்சொல் மட்டுமே எழுதிப் பழகிய ஒரு தொழில், அடைச்சொற்களால் இயங்கும் சட்டத்துக்குள் நுழையும்போது இடர் தொடங்குகிறது.

தெரியாமல் செய்தவர்கள்

‘என் பொருள் எதற்குப் போகிறது என்று எனக்கெப்படித் தெரியும்?’ என்று ஏற்றுமதியாளர் கேட்பது நியாயமே. அதற்கு வரலாறு தந்த விடை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2003 அக்டோபரில் ‘பிபிசி சைனா’ என்னும் சரக்குக் கப்பல் இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்துக்குத் திருப்பப்பட்டது. அதிலிருந்து இறக்கப்பட்ட பெட்டிகளில் யுரேனியச் செறிவூட்டலுக்கான மைய விலக்குக் கருவியின் உறுப்புகள் இருந்தன. சேருமிடம் லிபியா. பாகிஸ்தானிய அணு விஞ்ஞானி ஏ. கியூ. கான் நடத்திவந்த மறைமுக வலைப்பின்னல் வெளிச்சத்துக்கு வந்ததில் இந்நிகழ்வுக்குப் பெரும் பங்குண்டு. அந்த உறுப்புகளைச் செய்தது மலேசியாவின் ஷா ஆலம் நகரில் இருந்த துல்லியப் பொறியியல் ஆலை ஒன்று. வேலை துபாய் நிறுவனம் ஒன்றின் பெயரில் வந்தது. எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கான உறுப்புகள் என்றே தாங்கள் கருதியதாக ஆலைத் தரப்பு கூறியது.

அந்த விளக்கத்தை ஏற்கலாம், ஏற்காமல் இருக்கலாம். நான் கவனிப்பது வேறொன்றை. வரைபடம் வந்தது, அளவு வந்தது, பணம் வந்தது. ‘எதற்கு’ என்ற கேள்விக்கு மட்டும் ஒரு வாய்ச்சொல் போதுமானதாக இருந்தது. 2004 ஏப்ரலில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை 1540ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, எல்லா நாடுகளும் இத்தகைய கட்டுப்பாடுகளைச் சட்டமாக்க வேண்டும் என்றது. மறு ஆண்டே இந்தியா தன் சட்டத்தை இயற்றியது. மலேசியா 2010இல் இயற்றியது.

இந்தத் துறையில் பணியாற்றுவோர் சில எச்சரிக்கைக் குறிகளைச் சொல்வர். வாங்குபவர் பொருளின் பயனைச் சொல்லத் தயங்குகிறார். அவருடைய தொழிலுக்கும் கேட்கும் பொருளுக்கும் பொருத்தமில்லை. நிறுவித் தருவதும் பயிற்சியும் வேண்டாம் என்கிறார். சேருமிடமாகச் சரக்கு முகவரின் முகவரியைத் தருகிறார். வழக்கத்துக்கு மாறாக முழுத் தொகையையும் ரொக்கமாகத் தர முன்வருகிறார். இவற்றுள் எதுவும் குற்றமன்று. ஒவ்வொன்றும் நின்று கேட்க வேண்டிய இடம். இந்திய விதிகளிலும் பட்டியலில் இல்லாத பொருளாயினும், பேரழிவு ஆயுதத்துக்குச் செல்லும் என்று அறிந்தாலோ ஐயுற்றாலோ உரிமமின்றி அனுப்பக் கூடாது என்ற வலைவீச்சுப் பிரிவு உண்டு. அதாவது, பட்டியலை மனப்பாடம் செய்தவரும் சிந்திப்பதை நிறுத்த முடியாது.

எச்சங்களின் அரசியல்

இனி என் துறைக்கு வருகிறேன். ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பின் பட்டியல், கலைச்சொற்களைத் தனியே விளக்குகிறது. இரண்டு வகைத் தொடர்கள் அதில் கவனத்துக்குரியவை. ஒன்று, ஒரு பயனுக்கு எனவே ‘சிறப்பாக வடிவமைத்த’ பொருள். இன்னொன்று, அப்பயனுக்கு ‘உதவக்கூடிய’ பொருள். முன்னதன்படி, அந்த ஒரு வேலையைத் தவிர வேறு வேலைக்கு ஆகாத கருவியே கட்டுப்பாட்டுக்குள் வரும். பின்னதன்படி, எவரும் அந்த நோக்கத்தோடு செய்திருக்க வேண்டியதில்லை. அதற்கு உதவும் என்றாலே போதும்.

தமிழில் இவ்வேறுபாடு எவ்வளவு துலக்கமாகத் தெரிகிறது பாருங்கள். ‘செய்த’ என்பது இறந்தகாலப் பெயரெச்சம். நடந்து முடிந்த ஒரு செயலை, செய்தவரின் எண்ணத்தைச் சுட்டுகிறது. ‘செய்யக்கூடிய’ என்பது இயலுமையைச் சுட்டுகிறது. இன்னும் நடக்காத, ஒருவேளை ஒருபோதும் நடக்காத ஒன்றை. முன்னதற்குச் சான்று தேட வேண்டிய இடம் வடிவமைப்புக் கோப்பு. பின்னதற்குச் சான்று தேட வேண்டிய இடம் உலகம் முழுவதும். இரண்டு பெயரெச்சங்களுக்கு இடையேயான தொலைவில் ஒரு நிறுவனத்தின் வாழ்வும் முடிவும் அடங்கிவிடலாம்.

சொல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அண்மை எடுத்துக்காட்டு ஒன்று. மரபுவழிப் படைக்கலங்களையும் இரட்டைப் பயன்பாட்டுப் பொருள்களையும் கண்காணிக்கும் வாசனார் ஏற்பாடு 2013இல் ‘ஊடுருவல் மென்பொருள்’ தொடர்பான கட்டுப்பாட்டைச் சேர்த்தது. அடக்குமுறை அரசுகளுக்கு உளவு மென்பொருள் விற்பனையாவதைத் தடுப்பது நோக்கம், உயரிய நோக்கம். ஆனால் வரையறை விரிந்திருந்தது. ஒரு கணினி அமைப்பின் பாதுகாப்புக் குறையைக் கண்டறிந்து, அதைச் சரிசெய்யுமாறு அயல்நாட்டு நிறுவனத்துக்கு எழுதும் ஆய்வாளரும் அதற்குள் சிக்கக்கூடும் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். குறைகளை வெளிப்படுத்துவதற்கும் தாக்குதல்களை எதிர்கொள்வதற்கும் விலக்களிக்கும் சொற்கள் 2017இல்தான் சேர்ந்தன. திருடனைப் பிடிக்க வீசிய வலை பூட்டுச் செய்பவனைப் பிடித்த கதை இது. அதைச் சரிசெய்தவர்கள் வழக்கறிஞர்கள் மட்டுமல்லர். துறையறிவோடு வாய் திறந்த ஆய்வாளர்களும்தான்.

நூல் போகலாம், வட்டு போகக் கூடாது

1990களில் அமெரிக்காவில் மறைகுறியாக்க மென்பொருள் போர்த்தளவாடப் பட்டியலில் இருந்தது. 1996 இறுதியில்தான் வணிகத் துறையின் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. அக்காலத்தில் பில் கார்ன் என்னும் பொறியாளர், மறைகுறியாக்கம் பற்றிய புரூஸ் ஷ்னையரின் நூல் ஒன்றை ஏற்றுமதி செய்யலாமா என்று அரசைக் கேட்டார். தாராளமாகச் செய்யலாம் என்று விடை வந்தது. அதே நூலில் அச்சிடப்பட்டிருந்த நிரலைக் கணினி வட்டில் பதிந்து அனுப்பலாமா என்று கேட்டார். கூடாது என்று விடை வந்தது. எழுத்து அதுவே, வரிசை அதுவே, பொருள் அதுவே. ஊடகம் மட்டும் வேறு.

பெர்க்லியில் ஆய்வு மாணவராக இருந்த டேனியல் பெர்ன்ஸ்டீன், தாம் எழுதிய மறைகுறியாக்க நிரலை வெளியிட உரிமம் கேட்க வேண்டிய நிலையை எதிர்த்து 1995இல் வழக்குத் தொடர்ந்தார். நிரல்மொழியும் மொழியே, அதில் எழுதுவதும் கருத்து வெளிப்பாடே என்பது அவர் வாதம். 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்ற அமர்வு அதை ஏற்றது. பின்னர் அத்தீர்ப்பு மறுவிசாரணைக்காகத் திரும்பப் பெறப்பட்டது. 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்க அரசே விதிகளைத் தளர்த்திக்கொண்டது.

ஓர் ஆய்வு மாணவர் எழுப்பிய ‘மொழி என்றால் என்ன’ என்ற கேள்வி நீதிமன்றம் வரை சென்ற நிகழ்வு இது. நம் மொழியியல் வகுப்பறைகளில் இவ்வழக்கு பேசப்படுவதில்லை என்பது எனக்கு வியப்பளிக்கிறது.

தடுக்கப்பட்டவர்களாக இருந்தோம்

இந்த இடத்தில் நம் வாசகர்களில் பலர் ஓர் எதிர்ப்பை எழுப்புவர். அதை நான் மதிக்கிறேன். ‘ஏற்றுமதிக் கட்டுப்பாடு என்பது வல்லரசுகள் நம்மை அடக்கி வைக்கக் கண்டுபிடித்த கருவி. அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்?’

வரலாறு இவ்வெதிர்ப்புக்குச் சான்று தருகிறது. 1974ஆம் ஆண்டின் பொக்ரான் சோதனையே அணுசக்தி விநியோக நாடுகள் குழு உருவாகக் காரணமாயிற்று. 1980களில் உயர்திறன் கிரே கணினியைப் பெறுவதில் நாம் சந்தித்த தடைகள்தாம் 1988இல் சி-டாக் நிறுவனம் தோன்றவும் 1991இல் ‘பரம்’ கணினி பிறக்கவும் தூண்டுகோலாயின. கிரையோஜெனிக் எந்திரத் தொழில்நுட்பத்துக்காக இஸ்ரோ ரஷ்ய நிறுவனத்துடன் 1991இல் செய்த ஒப்பந்தத்தை ஏவுகணைக் கட்டுப்பாட்டைக் காட்டி அமெரிக்கா எதிர்த்தது. 1992இல் இரு தரப்பின்மீதும் தடை விதித்தது. எந்திரங்கள் வந்தன, தொழில்நுட்பம் வரவில்லை. உள்நாட்டுக் கிரையோஜெனிக் எந்திரத்தோடு ஜி.எஸ்.எல்.வி. வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரியில். இடைப்பட்ட இரண்டு பத்தாண்டுகள் ஒரு சொற்பட்டியல் நம்மிடம் வசூலித்த விலை என்று சொன்னால் மிகையாகாது. 1998 சோதனைகளுக்குப் பின் அமெரிக்கத் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்ட நம் விண்வெளி, பாதுகாப்பு ஆய்வு நிறுவனங்கள் சில 2011 வரை அதில் இருந்தன.

இத்தனையும் உண்மை. ஆனால் இன்று நாம் வாசலுக்கு வெளியே நிற்கவில்லை. 2016 ஜூனில் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பிலும், 2017 டிசம்பரில் வாசனார் ஏற்பாட்டிலும், 2018 ஜனவரியில் ஆஸ்திரேலியக் குழுவிலும் இந்தியா உறுப்பினராயிற்று. அணுசக்தி விநியோகக் குழு மட்டுமே எஞ்சியுள்ளது. பட்டியலின் சொற்களை மாற்றக் கோரும் உரிமை இப்போது நமக்கும் உண்டு. தடுக்கப்பட்டவரின் நினைவோடு தடுப்பவரின் மேசையில் அமர்வது எளிதன்று. ஆயினும் அந்த நினைவுதான் நம்மிடமுள்ள தனிச்சிறப்பு. எந்தச் சொல் எந்த ஆய்வகத்தை மூடவைக்கும் என்பதை மேசையின் அப்பக்கத்திலிருந்து அறிந்தவர்கள் நாம்.

இரண்டு சட்டங்களின் நடுவே

எதிர்ப்பாளர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பிறர் சட்டம் நம் சரக்கோடு பயணம் செய்கிறது. அமெரிக்காவில் உருவான, கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட உறுப்புகள் ஓர் இந்தியப் பொருளின் மதிப்பில் பொதுவாக 25 விழுக்காட்டைத் தாண்டினால் (சில நாடுகளுக்கு அனுப்பும்போது 10 விழுக்காடே வரம்பு) அப்பொருள் இங்கிருந்து மூன்றாம் நாட்டுக்குச் செல்லும்போதும் அமெரிக்க விதிகளுக்கு உட்படும்.

2024 அக்டோபர் 30 அன்று, ரஷ்யப் போர் முயற்சிக்கு உதவியதாகக் கூறி அமெரிக்கா தடை விதித்த ஏறத்தாழ நானூறு பெயர்களில் 19 இந்திய நிறுவனங்களும் இருந்தன. அந்தப் பரிவர்த்தனைகள் இந்தியச் சட்டத்தை மீறவில்லை என்பதே தன் புரிதல் என்று வெளியுறவு அமைச்சகம் கூறியது. இரண்டு கூற்றுகளும் ஒரே நேரத்தில் நிற்கக்கூடியவை. உள்நாட்டுச் சட்டத்தை மீறாத ஒரு நிறுவனம் வெளிநாட்டு வங்கிகளையும் வாடிக்கையாளர்களையும் ஒரே நாளில் இழக்கக்கூடும். இது நீதியா என்று கேட்பது தேவை. நான் நீதி என்று கருதவில்லை. ஆனால் நீதியன்று என்பதால் கணக்கில் கொள்ளாமல் விடுவது வேறு. அது வணிகமும் அன்று, எதிர்ப்பும் அன்று, கவனக்குறைவு.

கண்ணுக்குத் தெரியாத ஏற்றுமதி

இதுவரை பேசியது பெட்டியில் செல்லும் சரக்கு. நம் பல்கலைக்கழகங்களை நேரடியாகத் தொடுவது பெட்டியில் செல்லாத சரக்கு. மின்னஞ்சலில் அனுப்பும் வரைபடம், அயல்நாட்டிலிருந்து திறக்கக்கூடிய மேகக்கணினிக் கோப்பு, மாநாட்டுக்குச் செல்பவரின் மடிக்கணினி, காணொலிக் கூட்டத்தில் தரும் தொழில்நுட்ப விளக்கம் ஆகிய அனைத்தும் தொழில்நுட்ப ஏற்றுமதி ஆகலாம். சுங்க அதிகாரி எவரும் இவற்றைத் திறந்து பார்ப்பதில்லை. ஆகவே இங்கே ஒரே காவலர் அனுப்புபவரின் அறிவுதான்.

ஜான் ரீஸ் ராத் டென்னசி பல்கலைக்கழகத்தின் மூத்த பேராசிரியர். ஆளில்லா விமானங்களுக்கான பிளாஸ்மா தொழில்நுட்பத்தில் அமெரிக்க விமானப்படைக்காக நடந்த ஆய்வில் ஈடுபட்டிருந்தார். அவ்வாய்வின் தரவுகளைச் சீன, ஈரானிய ஆய்வு மாணவர்கள் அணுக அனுமதித்ததும், தரவுகளோடு சீனாவுக்குப் பயணம் செய்ததும் குற்றமாயின. 2008இல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 2009இல் நான்காண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். தம் சொந்த ஆய்வகத்தில், தம் சொந்த மாணவரோடு பேசுவதும் ஏற்றுமதி ஆகும் என்னும் அமெரிக்கக் கோட்பாட்டின் கூர்முனை இது. அக்கோட்பாட்டை நாம் அப்படியே இறக்குமதி செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாணவரை அறிவால் அளக்காமல் கடவுச்சீட்டால் அளக்கும் போக்கு பல்கலைக்கழகத்தின் உயிரையே குலைக்கும். நான் சொல்வது: அந்நிலை இங்கும் வருமுன் நம் விதிகளை நாமே தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும்.

விலக்குகள் இல்லாமல் இல்லை. வாசனார் ஏற்பாட்டின்படி, பொதுவெளியில் உள்ள தகவலுக்கும் ‘அடிப்படை அறிவியல் ஆய்வு’க்கும் தொழில்நுட்பக் கட்டுப்பாடு பொருந்தாது. 2005ஆம் ஆண்டின் நம் சட்டமும் பொதுவெளித் தகவலைத் ‘தொழில்நுட்பம்’ என்னும் வரையறையிலிருந்து நீக்கிவிடுகிறது. கல்விச் சுதந்திரத்தின் கதவு இதுவே. ஆனால் அக்கதவின் மேலுள்ள வாசகத்தைக் கவனியுங்கள். அடிப்படை ஆய்வு என்பது, குறிப்பிட்ட நடைமுறைப் பயனை முதன்மை இலக்காகக் கொள்ளாமல் புதிய அறிவைப் பெறுவதற்காகவே பெரிதும் செய்யப்படுவது.

இப்போது நாம் எழுதும் நிதிநல்கை விண்ணப்பங்களை நினைத்துப் பாருங்கள். ‘இவ்வாய்வின் நடைமுறைப் பயன் யாது?’, ‘எந்தத் தொழில் இதனால் பயன்பெறும்?’, ‘நாட்டின் பாதுகாப்புக்கு எவ்வகையில் உதவும்?’ என்ற கேள்விகளுக்கு நாம் பக்கம் பக்கமாக விடை எழுதுகிறோம். குரலை அடையாளம் காணும் முறைகளை ஆராயும் ஒலியியல் மாணவர், தம் ஆய்வு காவல்துறைக்கும் உளவுத்துறைக்கும் உதவும் என்று ஒரு வரி சேர்த்தால் நிதி கிடைக்க வாய்ப்பு கூடும் என்று எண்ணுகிறார். அதே வரி, ‘இது அடிப்படை ஆய்வு’ என்று பின்னர் அவர் சொல்ல முயலும்போது அவருக்கு எதிராக நிற்கும். ஒரு கையால் நாம் எழுதும் பெருமை மறு கையால் நாம் பிடித்திருக்கும் விலக்கை அறுக்கிறது. நிதி தரும் அமைப்புகளும் நெறியாளர்களும் இந்த முரணை உணர்ந்திருப்பதாகத் தெரியவில்லை. என் முழுப் பதிவிலும் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

என்ன செய்யலாம்?

முதலாவது, தொழில்முனைவைக் கற்பிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டை அப்பாடத்தின் பகுதியாக்க வேண்டும். பொருளை வகைப்படுத்துதல், வாங்குபவரைத் தடைப்பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தல், இறுதிப் பயன் சான்று பெறுதல், உரிமத்துக்கு விண்ணப்பித்தல், ஆவணங்களை ஐந்தாண்டுகள் பேணுதல் ஆகியவை கற்கக் கடினமானவை அல்ல. பொருளை வகைப்படுத்துவதைச் சுங்க முகவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கைகழுவும் வழக்கம் ஒழிய வேண்டும். பொருளின் உலோகக் கலவை என்ன, பாய்ச்சும் திறன் என்ன என்பது செய்தவருக்குத்தான் தெரியும், முகவருக்குத் தெரியாது.

இரண்டாவது, பல்கலைக்கழகங்களில் இதற்கென ஒரு மேசை வேண்டும். அதன் வேலை ஆய்வாளரைத் தடுப்பதன்று, ஐயம் வரும்போது விடை சொல்வது. இன்று அப்படி ஒரு மேசை இல்லாத இடத்தில் இரண்டு தீமைகள் நேர்கின்றன: அறியாதவர் எல்லாவற்றையும் அனுப்புகிறார், பாதி அறிந்தவர் அஞ்சி எதையும் அனுப்ப மறுக்கிறார். இரண்டாவது தீமை முதலாவதற்குச் சற்றும் குறைந்ததன்று. அச்சம் கல்விச் சுதந்திரத்தைச் சட்டத்தை விட வேகமாகச் சுருக்கும்.

மூன்றாவது, மொழி. ஒரு பட்டறை முதலாளிக்கு ஆங்கிலத்தில் விலை பேசத் தெரியலாம். அடுக்கடுக்கான விலக்குகளும் விலக்குக்கு விலக்குகளும் கொண்ட சட்ட ஆங்கிலம் வேறு மொழி. கோயம்புத்தூரிலும் ராஜ்கோட்டிலும் லூதியானாவிலும் இருக்கும் சிறு ஏற்றுமதியாளர்கள் தம் மொழியில் வாசித்துப் புரிந்துகொள்ளக்கூடிய கையேடுகளும் கலைச்சொல் விளக்கங்களும் வேண்டும். 1961இல் அமைக்கப்பட்ட அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையமும் பல்கலைக்கழக மொழித்துறைகளும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி இது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் போதாது. ‘சிறப்பாக வடிவமைத்த’ என்பதும் ‘உதவக்கூடிய’ என்பதும் ஏன் இரண்டு வேறு சட்டங்கள் என்பதை விளக்கும் எடுத்துக்காட்டுகள் வேண்டும்.

நான்காவது, அரசுக்கு. கட்டுப்பாடு கூர்மையாக இருக்க வேண்டும். அகலமாக இருக்க வேண்டியதில்லை. 2023இல் குடிமைப் பயனுக்கான சிறு டிரோன்களுக்கு, அதாவது 25 கிலோமீட்டருக்கு மிகாத தொலைவும் 25 கிலோவுக்கு மிகாத சுமையும் கொண்டவற்றுக்கு, ஒவ்வொரு முறையும் தனி உரிமம் கேட்காமல் பொது அனுமதி பெறும் வழி திறக்கப்பட்டது. ஆபத்தான சிலவற்றைக் கூர்ந்து பார்க்க வேண்டுமெனில் ஆபத்தற்ற பலவற்றை விடுவிக்க வேண்டும் என்ற இந்த அறிவு பிற துறைகளுக்கும் பரவ வேண்டும்.

செலவு மிகும், சிறு நிறுவனங்கள் தாங்கா என்பார்கள். உண்மைதான்; அதனால்தான் சுமையைத் தனி நிறுவனத்தின் தலையில் மட்டும் வைக்காமல், பல்கலைக்கழகங்களும் தொழில் சங்கங்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்கிறேன். இவ்வளவும் செய்தால் ஆபத்து முற்றிலும் நீங்குமா என்றால் நீங்காது. ‘இறுதிப் பயன்’ என்னும் தொடரில் ‘இறுதி’ என்னும் சொல்லுக்கு உண்மையில் இறுதி கிடையாது. விற்ற பொருள் மீண்டும் விற்கப்படும், எழுதிய நிரல் மீண்டும் எழுதப்படும். ஆயினும் ‘எனக்குத் தெரியாது’ என்பதற்கும் ‘நான் கேட்டேன்’ என்பதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. ஷா ஆலத்தில் செய்யப்பட்ட அந்த உறுப்புகள் லிபியாவை நோக்கிக் கப்பலேறியது அந்த வேறுபாட்டின் வழியாகத்தான்.

உங்கள் துறையில், உங்கள் பல்கலைக்கழகத்தில், அயல்நாட்டு ஒத்துழைப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் இக்கேள்விகளை எவரேனும் கேட்கிறார்களா? கேட்டால் யார், எந்த நிலையில்? பின்னூட்டத்தில் எழுதுங்கள். சட்டத் துறையினரும் பொறியியல் துறையினரும் திருத்த வேண்டியவற்றைத் திருத்துங்கள். மொழித்துறை நண்பர்களுக்குத் தனியே ஒரு வேண்டுகோள்: ஸ்கோமெட் பட்டியலை ஒருமுறை இறக்கி, ஒரு பிரிவையேனும் நம் மொழியில் பெயர்த்துப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ, அங்கேதான் ஓர் ஏற்றுமதியாளரும் தடுமாறிக்கொண்டிருப்பார்.